வேகவைத்த மருந்து

என் பெயர் சந்திரமோகன். ஆரணியில் என் மனைவியின் அண்ணனான மச்சானின் பட்டறையில் இருபது வருஷம் பட்டுக்குச் சாயம் போட்டவன். ஒருநாள் அவரோடு முறைத்துக்கொண்டு, "இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று வீரவசனம் பேசிவிட்டு வந்தேன். 2003-ல் முள்ளிப்பட்டுப் பக்கம் இரண்டு குட்டைகளைக் குத்தகைக்கு எடுத்து மீன் விட்டேன். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் குழம்பு வரைக்கும்தான்.

இரண்டு வருஷம் கெண்டைகள் உடம்பெல்லாம் சிவந்த புண்ணோடு செத்து மிதந்தன. மூன்றாம் வருஷமும் செத்தால் மச்சான் பட்டறைக்கே திரும்ப வேண்டும். அதை நினைத்தாலே சோறு இறங்காது.

அப்போது மீன்வளக் கல்லூரியிலிருந்து திலகவதி மேடம் வந்தார். என் மீன்களின் புண்ணிலிருந்த கிருமியை எடுத்துப்போய், அதைக் கொன்று, கோழிகளுக்கு ஊசியாகப் போட்டார். கோழியின் உடம்பு அந்தக் கிருமிக்கு எதிர்ப்புச் சத்தை உண்டாக்கி, முட்டையின் மஞ்சள் கருவில் சேர்த்து வைக்குமாம். அதைத் தீனியில் பிசைந்து போட்டால் மீனுக்குப் பாதுகாப்பு. முட்டைகளைக் கொடுத்துவிட்டு, "வேக வெக்காதீங்க, பச்சையாவே போடுங்க" என்று மூன்று தடவை சொன்னார். நானும் மூன்று தடவை தலையாட்டினேன்.

ஆனால் என் தொழில்புத்தி சும்மா இருக்குமா? பட்டு நூலையே சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுத்தால்தான் சாயம் பிடிக்கும். பச்சையாகப் போட்டால் எது பிடிக்கும்? பாவம், படித்தவர், பட்டறை பார்க்காதவர் என்று மேடத்துக்காக இரக்கப்பட்டேன். பெரிய குட்டைக்கான முட்டைகளை நன்றாக வேகவைத்து, மஞ்சள் கருவை உதிர்த்துத் தீனியில் பிசைந்து போட்டேன். சின்னக் குட்டைக்குத் தீனி போடுவது என் மனைவி ஹேமலதா.

புண் வரும் மாதம் வந்தது. பெரிய குட்டையில் மீன்கள் வரிசையாக மிதந்தன. மேடம் ஓடி வந்தார்.

"எப்படிப் போட்டீங்க?"

"பக்குவமா வேக வெச்சுதாங்க" என்றேன், பெருமையாக.

மேடம் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். "வேக வெச்சா அந்த சத்தே போயிடுமேங்க."

சின்னக் குட்டையில் நாலைந்துதான் செத்திருந்தன. ஹேமலதா பக்கம் திரும்பினேன். "நீ வேக வெக்கலியா?"

"அந்தம்மா வாணான்னு சொல்லிச்சு, நான் கேட்டேன். நீங்க தலைய ஆட்டிகினு இருந்தீங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வருஷம் சின்னக் குட்டைதான் எங்களைத் தூக்கி நிறுத்தியது. அடுத்த வருஷம் பெரிய குட்டையையும் அவளே எடுத்துக்கொண்டாள். மேடம் இப்போதெல்லாம் வந்தால் நேராக அவளிடம்தான் பேசுகிறார். நான் மச்சான் பட்டறைக்குத் திரும்பவில்லை. அவர் தங்கச்சியிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன், சொன்னதைச் செய்கிறேன்.