இருபத்தேழாம் பகுதியின் குரல்

அவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தது நான்தான். பழைய தொலைக்காட்சித் தொடர்களை டிவிடியாகப் போட்டு விற்கிற நிறுவனம் எங்களுடையது. டேப்பில் இருக்கும் ஒவ்வொரு பகுதியையும் முதலிலிருந்து கடைசிவரை பார்த்து, எங்கே கோடு விழுகிறது, எங்கே ஒலி இழுக்கிறது என்று நிமிடக் கணக்கில் எழுதித் தருவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்தாள். அவளிடம் சிக்காமல் ஒரு புள்ளிகூட வெளியே போனதில்லை. நான் பெட்டிகளுக்கு அட்டை வரைகிறவன். அவள் அறைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான்.

மற்றவர்கள் சீரியலைக் கதையாகச் சொல்வார்கள். இவள் கோளாறாகச் சொல்வாள்.

"மாமியார் பால்ல விஷம் கலக்குறாளே, அந்த சீன்ல பச்சையா ஒரு கோடு ஓடுதுண்ணா. பார்க்கவே முடியல."

"விஷத்தைப் பொறுத்துக்கிட்ட, கோட்டைப் பொறுக்க முடியலையா உனக்கு?"

"விஷம் கதையில இருக்கு. கோடு கதையில இல்லையே."

ஒரு பகுதியைப் பார்த்து முடித்ததும் டேப் பெட்டியின் முதுகில் நீல மையால் 'ஆச்சு' என்று எழுதுவாள். பார்த்தாச்சு என்பதன் சுருக்கம். அதற்குப் பிறகுதான் டேப் நகலெடுக்கும் அறைக்குப் போகும். கிடங்கில் ஆயிரக்கணக்கான பெட்டிகளின் முதுகில் அந்த நீல 'ஆச்சு' இருந்தது. இருபத்திரண்டு வருடம் தினமும் பார்த்த வார்த்தை. அதை நான் மறந்ததுதான் வினை.

அவளுக்கு ஓர் அக்கா. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்காவுக்கு ஆறு வருடம் முன்பு தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தாள், குரல் போய்விட்டது. அன்றிலிருந்து கையில் ஒரு சிலேட்டு. வேண்டியதை எழுதிக் காட்டுவாள். போன குரலை எங்கேயும் பிடித்து வைக்கவில்லை. கல்யாண வீடியோவில்கூட மேலே பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். முப்பது வருடத்துக்கு முன் அக்கா ஒரு சீரியலில் நர்ஸாக வந்தாள். நாற்பது பகுதிகளில் பெரும்பாலும் மருந்துத் தட்டோடு நிற்பாள். இருபத்தேழாம் பகுதியில் மட்டும், சாகக் கிடக்கிற நோயாளியிடம் ஏழு நிமிடம் பேசுவாள். அவள் குரல் உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஏழு நிமிடம்தான்.

போன வருடம் நிறுவனம் கை மாறியது. புது மேலாளர் வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்: இன்னும் ஒரே ஒரு தொடர்தான் டிவிடியாக வரும், அதற்குப் பிறகு எல்லாம் இணையத்தில்தான். கிடங்கைக் காலி செய்ய வேண்டும். கடைசிப் பெட்டியாக எதைப் போடலாம் என்ற பேச்சு வந்தபோது, கூட்டங்களில் வாயே திறக்காத சல்லடை எழுந்து நின்றாள். நர்ஸ் சீரியலைச் சொன்னாள். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்து எனக்கே சந்தோஷமாக இருந்தது.

இருபத்தேழாம் பகுதியைப் பார்த்த அன்று, தடுப்பைத் தட்டி என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டாள். கட்டைக் குரல். வாக்கியம் முடிகிற இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கும், சிரிப்பை அடக்குவது மாதிரி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"இதை இப்பவே ஒரு நகல் எடுத்துட்டுப் போய் அக்காவுக்குக் குடு" என்றேன்.

"வாசல்ல போனையே வாங்கி வெச்சுக்கறாங்க. நான் எடுத்துட்டுப் போகணுமா? டிவிடி வரட்டும்ணா. கடையில வாங்கிக் குடுக்கறேன். திருடிட்டு வந்ததுன்னு தெரிஞ்சா அக்கா கேக்கவே மாட்டா."

இந்த அலுவலகத்திலிருந்து ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவள். அவளை வற்புறுத்தாமல் விட்டதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அந்த வாரத்திலேயே நாற்பதையும் பார்த்து முடித்தாள். நகலெடுக்கும் வேலை ஒன்றிலிருந்து தொடங்கியது. அப்போது மேலாளர் என் மேசைக்கு வந்தார்.

"சார், நகலெடுத்து முடிச்ச டேப்பெல்லாம் சனிக்கிழமை அரைக்கப் போகுது. அடையாளத்துக்கு சின்னதா சிவப்பு ஸ்டிக்கர் போட்டுக் குடுங்க."

'நகல் எடுத்தாச்சு' என்று எழுதிப் பார்த்தேன். ஸ்டிக்கரில் அடங்கவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினால் கண்ணுக்குத் தெரியவில்லை. அட்டை வரைகிற புத்தி, எதையும் சுருக்கிப் பெரிதாகப் போடு என்று சொல்லும். 'ஆச்சு' என்று போட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் இருபத்தாறு பகுதிகள் நகலாகிவிட்டன. திங்கட்கிழமை காலை நகலெடுக்கிறவர் அடுத்ததை எடுக்கப் போனார். அலமாரி காலி.

சல்லடை செருப்புகூடப் போடாமல் பின்கட்டுக்கு ஓடினாள். நான் அவள் பின்னால். அரைக்கும் இயந்திரத்தின் சக்கரத்தில் பழுப்பு நாடா சுற்றிக்கொண்டு கிடந்தது. தரையில் பெட்டிகளின் கிழிந்த முதுகுகள். சிலவற்றில் என் சிவப்பு 'ஆச்சு'. மற்ற எல்லாவற்றிலும் அவளுடைய நீல 'ஆச்சு'. பழையவை போனதில் நஷ்டமில்லை, அவை எப்போதோ டிவிடியாக வந்தவை. அவள் பார்த்து முடித்து, இன்னும் நகலெடுக்காமல் இருந்தவை பதினான்குதான். அந்தப் பதினான்கும் போய்விட்டன.

அரைத்ததை ஏற்றிப்போக வந்த ஒப்பந்தக்காரர் கையை விரித்தார். "ஆச்சுன்னு இருக்கறதை எல்லாம் எடுங்கன்னாங்க, எடுத்தோம். கையால எழுதினா அது வேற ஆச்சா?"

அவரை என்ன சொல்வது? தப்பு என் மேல். நான் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் குனிந்து ஒரு பெட்டி முதுகை எடுத்தாள். இருபத்தேழு. தன் கையெழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"நான் முழுசா எழுதியிருக்கணும்ணா. சோம்பேறித்தனம்."

அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மேலாளர் பதறவே இல்லை. அட்டைக்குப் படம் பொறுக்குவதற்காக எனக்கு ஒலியில்லாத நகல் ஒன்று தருவது வழக்கம். "அது உங்ககிட்ட இருக்குல்ல சார்?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வசனம் கோப்பில் இருந்தது. கம்ப்யூட்டரையே பேச வைத்துவிடலாம் என்றார். மற்ற நடிகர்களின் குரலை முதல் இருபத்தாறு பகுதிகளிலிருந்து எடுத்துக் காட்டினார்கள், அது அதே மாதிரி பேசியது. நர்ஸ் மட்டும் அந்தப் பகுதிகளில் வாயே திறக்கவில்லை. மாதிரிக்கு எதுவும் இல்லை. அதனால் அங்கே 'இளம்பெண், கனிவான குரல்' என்று தட்டச்சு செய்தார்கள். அவ்வளவுதான், குரல் வந்துவிட்டது.

பத்து நாளில் இருபத்தேழாம் பகுதி சல்லடையின் மேசைக்கு வந்தது. பார்த்துச் சொல்ல வேண்டியது அவள்தானே. தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நிமிடமும் அவள் பேனா அசையவில்லை. உதட்டுக்கும் சொல்லுக்கும் மயிரிழை விலகல் இல்லையாம். தடுப்பைத் தாண்டி எனக்கும் கேட்டது, தேனாக ஒழுகியது குரல்.

மேலாளர் வந்து பக்கத்தில் நின்றார். "குறை இருக்கா?"

"இது அவங்க குரல் இல்ல சார்."

"அது உங்களுக்குத் தெரியும். வாங்கறவங்களுக்குத் தெரியுமா? குறைன்னு எழுதினீங்கன்னா இருபத்தேழை எடுத்துட்டு மிச்சத்தைப் போட்டுடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல."

அவர் என் பக்கம் திரும்பி, நல்ல செய்தி சொல்கிறவர் போலச் சொன்னார்:

"இது யார் கண்ணுலயும் படலைன்னா இனி டேப்பைப் பாதுகாக்கவே வேண்டாம் சார். படம் மட்டும் இருந்தா போதும். நெட்ல போட்டதை எப்ப வேணா மாத்திக்கலாம். நேத்து பார்த்தது இன்னைக்கு வேற மாதிரி இருந்தா, யார் வீட்ல பழைய பெட்டி இருக்கும் எடுத்து ஒத்துப் பார்க்க?"

சல்லடை படிவத்தை இழுத்தாள். எழுதினால் அக்கா அந்தப் பெட்டியில் ஊமையாகவே இருப்பாள். எழுதாவிட்டால் எவளோ ஒருத்தி அக்காவின் வாயால் பேசுவாள். நெடுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு 'குறை இல்லை' என்று முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு புகாரும் வரவில்லை. அடுத்த மாதமே, நீல 'ஆச்சு' விழாமல் கிடந்த முந்நூறு தொடர்களின் டேப்புகளும், படத்தை மட்டும் எடுத்துக்கொண்டபின் அரைக்கப் போயின. அவளுக்கு அதன்பிறகு பார்க்க எதுவும் வரவில்லை.

பெட்டி கடைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். அக்கா புதுப் புடவை கட்டி, சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவிக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழாம் பகுதி ஓடியது. நர்ஸ் நோயாளியின் பக்கம் குனிந்து பேசத் தொடங்கியதும் அக்காவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

முடிந்ததும் சிலேட்டில் எழுதித் தங்கையிடம் நீட்டினாள். 'என் குரல் இவ்வளவு நல்லாவா இருந்துச்சு?'

நான் தரையைப் பார்த்தேன். இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"ஆமாக்கா" என்றாள் சல்லடை. "அப்படியேதான் இருக்கு."

அக்கா மறுபடி போடச் சொன்னாள். பிறகு மறுபடியும். நான்காவது தடவை அவள் உதடுகள் அந்தக் குரலோடு சேர்ந்து அசைய ஆரம்பித்தன. என்னால் உட்கார முடியவில்லை. கிளம்பினேன்.

வாசல்வரை வந்த சல்லடை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஐந்தாவது தடவை ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அன்னைக்கு ஹெட்போன்ல நீங்களும் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்மா."

"எப்படி இருந்துச்சு? கொஞ்சம் சொல்லுங்களேன். அக்கா பேசினதை நெனைச்சா எனக்கு இப்ப இந்தக் குரல்தான் வருது."