உப்பிய டப்பாவும் நாகராஜ் சாரும்

நாகராஜ் சார் இறந்துபோன செய்தியை அவர் ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் மஞ்சுநாத்தான் கொண்டுவந்தான். மத்திகிரியில் என் கடை வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு, "நம்ம சாரு போய்ட்டாருக்கா" என்றான். விடியற்காலையில் மாரடைப்பாம். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பாதியில் இருந்த கல்யாணப் பத்திரிகை வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஓசூரில் அவருடைய டிசைன் ஸ்டூடியோவில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் நான் நடந்துகொண்ட விதம் உங்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். நேரத்துக்கு வருவார். குடிக்க மாட்டார். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. தீபாவளிக்கு முந்தின நாளே லீவு விடுவார். நாலு ஆயிற்று.

வீட்டில் தெலுங்கு பேசுவார், வியாபாரத்தைக் கன்னடத்தில் பேசுவார், தமிழை எங்களைத் திட்டுவதற்கு வைத்திருந்தார். "வேலை செய்யறது கம்ப்யூட்டரு, நீ பட்டனைத்தான் அமுக்கறே" என்பது அவர் அடிக்கடி சொல்வது. கூட்டத்தில் ஒருவர் இதை நகைச்சுவை என்று நினைவுகூர்ந்தார். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

ஒருமுறை, காவேரிப்பட்டினம் பக்கம் மாம்பழக்கூழ் ஆலை நடத்திய முதலாளி ஒருவர் வந்தார். புதிய லேபிள் இன்னும் அச்சாகவில்லை. ஒட்டினால் டப்பா எப்படியிருக்கும் என்று வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும். கையில் இருந்தது வெறும் டப்பாவின் போட்டோவும் தட்டையான லேபிள் டிசைனும்தான். நாகராஜ் சார் தாமே உட்கார்ந்தார். லேபிளை டப்பாவின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துப் பந்து மாதிரி வளைத்தார். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு வசதி உண்டு, ஒரே நிமிட வேலை. வளைவு வந்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

படத்தைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மாறிவிட்டது. கூழ் கெட்டால் உள்ளே வாயு சேர்ந்து டப்பா உப்பிக்கொள்ளும். உப்பிய டப்பாவை ஆலைக்காரர்கள் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். "இது கெட்டுப்போன டப்பா சார். இதப் போயி வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களே" என்றார். நாகராஜ் சார் கொஞ்சமும் தயங்காமல் என்னைக் கைகாட்டி, "அந்தம்மா புதுசு, தப்பு பண்ணிருச்சு" என்றார். நான் அங்கே சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவரால் முடியாத வேலை என் தலையில் விழுந்தது. கட்டம் போட்ட தாள் ஒன்றை நிஜ டப்பாவில் சுற்றி ஒட்டி, போட்டோ எடுத்த இடத்திலிருந்தே பார்த்தேன். நடுவில் அகலமாக இருந்த கட்டங்கள் ஓரம் போகப்போகக் குறுகின. மேல்கோட்டைவிடக் கீழ்க்கோடு அதிகமாக வளைந்தது. அதே மாதிரி லேபிளை நெடுக்குவாட்டில் மெல்லிய பட்டைகளாக வெட்டி, ஓரப் பட்டைகளைக் குறுக்கி, நடுப்பட்டைகளைக் கீழே இறக்கி, ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். கடைசியில் இரண்டு ஓரத்திலும் நிழல் போட்டேன். டப்பா நிமிர்ந்து நின்றது. முதலாளி திரையைத் தொட்டே பார்த்தார்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பெங்களூர் விளம்பரக் கம்பெனிக்காரர் ஒருவர் தேடி வந்தார். செய்தவர் யார், எங்களிடம் வேலைக்கு வருவாரா என்று கன்னடத்தில் கேட்டார். நான் சாத்தூர்க்காரி, எனக்குக் கன்னடம் புரியாது என்று நாகராஜ் சாருக்கு நினைப்பு. "நானே மாடித்து" என்றார். நானே செய்தது என்று அர்த்தம். என்னைக் காட்டி, இது டைப்பிங் பொண்ணு என்றார். வந்தவர் அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவேயில்லை.

வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அப்போது என் கணவரின் கம்பெனியில் கதவடைப்பு. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பெங்களூர் வேலை கிடைத்திருந்தால் எங்கள் நிலைமையே வேறு. பெங்களூர்க்காரர் கிளம்பிய பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சாரிடம் கேட்டேன். "ஸ்டூடியோவுக்குப் பேர் வந்தா உனக்கு வந்த மாதிரிதானேம்மா" என்றார். அதைச் சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்கள். பக்கத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் என் டப்பா. கீழே 'அன்னாரின் கைவண்ணம்' என்று ஒரு சீட்டு. எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த மஞ்சுநாத், பட்டை பட்டையாக வெட்டும் முறையையே சார்தான் கண்டுபிடித்தார் என்று பேசினான். பாவம், அவனுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. நான் எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றினேன். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

அவர் மகன் மட்டும் வாசல்வரை பின்னாலேயே வந்தார். "அப்பா ஞாபகமா இருக்கறது அது ஒண்ணுதான்க்கா, குடுத்துருங்க" என்றார். என் வேலை இது என்றேன். அவர் நம்பவில்லை. அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நேற்றும் ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார்.

சீட்டைக் கிழித்துவிட்டு என் பெயரை எழுதி ஒட்டி, படத்தைக் கடையில் மாட்டியிருக்கிறேன். நாகராஜ் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது மட்டும்தான். திருப்பித் தருவதாக இல்லை.