உள்பக்கம் ஒட்டிய லேபிள்

எங்கள் துண்டு லேபிளில் ஒரு கிளி. அதன் வால் நுனியில் பொடிசாக இரண்டு ஆங்கில எழுத்து, டிஎம். எங்கள் ஊர் நகரியில் மதியம் தறிச் சத்தத்தில் கண் அசரும்போது அந்த எழுத்துகள் எங்கெங்கோ மிதக்கும். மலை உச்சியில், எதிர்வீட்டு எருமையின் நெற்றியில், தூங்குகிற என் கணவரின் வழுக்கையில். எல்லாமே நம்முடையது என்று கிறக்கமாக இருக்கும்.

அதுவரை அடுத்தவருக்குக் கூலிக்குத்தான் நெய்தோம். சொந்தப் பெயரில் துண்டு போடத் துணிந்தபோது, லேபிள் அச்சடிப்பவரிடம் வட்டத்துக்குள் ஆர் போடச் சொன்னார் என் கணவர். பார்க்க கெத்தாக இருக்குமாம்.

"ரிஜிஸ்டர் ஆவாம அத்த போட்டா தப்புங்க," என்றார் அச்சுக்காரர். "டிஎம் போட்டுக்குங்க, டிரேட்மார்க்குன்னு அர்த்தம். பேரு எங்களுதுன்னு சொல்லிக்கினு இருக்க அது போதும்."

சொன்னோம், ஆனால் யார் காதிலும் விழாதபடி. எங்கள் தறியில் துணியின் நல்ல பக்கம் கீழே பார்த்துத்தான் வரும். நெய்கிறவர் கண்ணில் படுவது பின்பக்கம். பழக்கதோஷத்தில் இவர் அதையே மேல்பக்கம் என்று நினைத்து லேபிளை அங்கே ஒட்டிவிட்டார். நான் நல்ல பக்கம் வெளியே தெரிய மடித்தேன். கிளி மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. எங்கள் துண்டை வாங்கி விற்கும் திருப்பதிக் கடைக்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த முறை மாற்றிவிடுவதாக இவர் தலையைச் சொறிந்தார். கை கேட்டால்தானே? ஒவ்வொரு கட்டும் அப்படியேதான் போனது.

போன கோடையில் அந்த அம்மா போன் செய்தார். அதே பெயர், அதே கிளி, அதே டிஎம்மோடு வேறு யாரோ துண்டு கொண்டுவந்து போட்டிருக்கிறார்களாம்.

"ரெண்டுத்தயும் ஒண்ணா அடுக்கிகீறேன். ஜனம் எத்த எடுக்குதோ அத்தத்தான் இனிமே வாங்குவேன்."

எங்களுக்கு இருந்த பெரிய கடை அது ஒன்றுதான். அது போனால் மறுபடி கூலித் தறி. மறுநாளே இருவரும் கிளம்பினோம். திருப்பதி போகும் பஸ்ஸில் மாந்தோப்புகள் கனவில் வருவதுபோல நகர்ந்தன. ஏதாவது ஒரு மரத்திலாவது அந்த எழுத்து தெரிகிறதா என்று பைத்தியம்போலப் பார்த்துக்கொண்டே போனேன். எதிலும் தெரியவில்லை.

கடையில் அவர்கள் கிளி வெளியே பளபளத்தது. எங்கள் கிளி வழக்கம்போல உள்ளே முடங்கிக் கிடந்தது. யார் அதைத் தேடப்போகிறார்கள்?

"ரிஜிஸ்டர் பண்ணிக்கினு இருந்தா இன்னிக்கி தைரியமா கேக்கலாம்," என்று இவர் முணுமுணுத்தார்.

மொட்டைத் தலையில் சந்தனம் ஈரமாக மினுங்க, ஒருவர் உள்ளே வந்தார். மேலே கிடந்த துண்டை எடுத்தார், தள்ளி வைத்தார். அடுத்ததையும் தள்ளினார். மூன்றாவதை எடுத்து மடிப்பை மெல்லப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தார். கிளி இருந்தது.

"இதான். உள்ளாற ஒட்டனது," என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "போன தபா வாங்கனது இன்னும் கிழியல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை என்றும் பார்க்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கடைக்கார அம்மா எங்களிடமே அடுத்த கட்டுக்குச் சொன்னார்.

"ரிஜிஸ்டருக்கு மனு போட்லாம்," என்றேன் திரும்பும் பஸ்ஸில்.

"போட்லாம். லேபிள இனிமே நல்ல பக்கமா..."

"மாத்திதான் பாருங்களேன்!"

சிரித்துக்கொண்டே என் தோளில் சாய்ந்தார். புத்தூர் வருவதற்குள் தூங்கிவிட்டார். அந்த வழுக்கையில் மறுபடியும் டிஎம் தெரிந்தது.