காணாமல் போன ஜப்பானிய எழுத்துகள்

"சும்மா வீட்லதான இருக்க" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் இருக்கிறேன், சரி. சும்மா இருக்கிறேன் என்று யார் சொன்னது? ஜப்பானிய மொழி படித்து, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராகப் பல வருஷம் போய்வந்தவள் நான். கம்பெனி பஸ்ஸின் குலுக்கலில் முதுகு கெட்டது. இனித் தினப்படிப் பயணம் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு வேலையை விட்டேன். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் கண்ணுக்கு நான் சும்மா இருக்கிறவள் ஆகிவிட்டேன்.

அதனால்தான் சென்னையில் உள்ள ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் எனக்குச் சோதனைக் கோப்பு ஒன்றை அனுப்பியபோது மற்ற வேலையெல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு இயந்திரத்தைத் தினமும் எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று தமிழில் இருந்த குறிப்புகளை ஜப்பானிய மொழியில் தர வேண்டும். காலையில் வந்த கோப்பு மாலை ஐந்துக்குள் திரும்பிப் போக வேண்டும். தடித்த எழுத்து, வண்ண எழுத்து எதுவும் ஆகாது. டெக்ஸ்ட் எடிட்டரில் அடித்த வெறும் எழுத்துகள் மட்டும் போதும் என்று எழுதியிருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தால் வீட்டிலிருந்தே செய்ய மாதாமாதம் வேலை வரும். பிடிக்காவிட்டால் நான் பழையபடி சும்மா இருக்கிறவள்தான்.

என் கணவர் பட்டு நெய்கிறவர். எங்கள் கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டது, மீதியில்தான் குடித்தனம். என் கம்ப்யூட்டர் மேஜை தறிக்காலை ஒட்டி நிற்கிறது, வேறு இடம் இல்லை. அன்று அவருக்கும் தலைபோகிற அவசரம். ஒரு முகூர்த்தப் புடவையை மறுநாள் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டும், முந்தானை இன்னும் முடியவில்லை. விடிந்ததிலிருந்து தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்தவர் நிமிரவே இல்லை.

ஜப்பானிய மொழியைக் கம்ப்யூட்டரில் எப்படி அடிப்பது என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில விசைகளில் ஒலியை அடித்தால் அது ஜப்பானிய எழுத்தாக மாறி, அடியில் ஒரு கோட்டோடு திரையில் நிற்கும். ஸ்பேஸ் விசையைத் தட்டினால் அந்த ஒலிக்கு உரிய சித்திர எழுத்துகள் வரும். சரியானதைத் தேர்ந்தெடுத்து என்டரைத் தட்டினால் கோடு மறைந்து எழுத்து நிலைத்துவிடும். கோடு இருக்கும்வரை நிச்சயதார்த்தம் மாதிரி, தாலி ஏறினால்தான் உறுதி.

எனக்கு நிச்சயதார்த்தமே நிற்கவில்லை. பரிசோதனை என்பதற்குக் 'கென்சா' என்று அடித்தேன். கோட்டோடு வந்தது, ஸ்பேஸ் தட்டுவதற்குள் காணோம். மறுபடி அடித்தேன். மறுபடி காணோம். ஆங்கிலம் அடித்தால் ஒழுங்காக வந்தது, தமிழும் வந்தது. ஜப்பானிய எழுத்துக்கு மட்டும் என்மேல் என்ன கோபம் என்று புரியவில்லை.

எடிட்டரின் அமைப்புகளைத் திறந்தேன். நான் படிப்பதற்குள் அந்தப் பெட்டி தானாக மூடிக்கொண்டது. எடிட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொரு எடிட்டரில் முயன்றேன், அங்கேயும் அதே கதை. ஜப்பானிய உள்ளீட்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கடைசியில் வெட்கத்தை விட்டு, கோப்பை அனுப்பிய அந்த நிறுவனத்துப் பெண்ணுக்கே போன் செய்தேன்.

"எங்களுக்கு இங்க நல்லாதான் வருது மேடம். கீபோர்ட் செட்டிங்ஸ் ஒரு தடவை ரீசெட் பண்ணிப் பாருங்க. டைம் மட்டும் எக்ஸ்டெண்ட் பண்ண முடியாது, சாரி" என்றாள். இதமாகத்தான் சொன்னாள். அவள் சொன்னபடி ரீசெட் செய்தேன், அப்போதும் எழுத்து நிற்கவில்லை.

"இன்னா ஆச்சு?" என்று தறியிலிருந்து குரல் வந்தது.

"ஜப்பான் எழுத்து நிக்கவே மாட்டேங்குது. அடிச்சா அழிஞ்சிடுது."

"அவ்ளோ தூரத்துலர்ந்து வருது. அசதியா இருக்கும், கொஞ்சம் உட்காரச் சொல்லு."

நான் திரையைப் பார்த்தபடியே மறுபடி அடித்தேன். பதில் பேசியிருந்தால் அன்று வீட்டில் இரண்டு வேலையும் நின்றிருக்கும்.

மதியம் அவர் சாப்பிட எழுந்தார். எனக்குச் சோறு இறங்காது என்று சொல்லிவிட்டேன். வேறு வழி தெரியாமல் திரும்பவும் 'கென்சா' என்று அடித்தேன். வந்தது, கோட்டோடு நின்றது. ஸ்பேஸ், என்டர். நிலைத்துவிட்டது. என் கண்ணை நானே நம்பாமல் அடுத்த வார்த்தை, அதற்கடுத்தது என்று மடமடவென்று ஒரு பத்தியே முடித்தேன். ரீசெட் செய்தது வேலை செய்துவிட்டது என்று அந்தப் பெண்ணை மனசார வாழ்த்தினேன். அவர் கை கழுவிவிட்டு வந்து குழியில் இறங்கினார். குறுக்கு நூலோடு நாடா ஓடியது. அந்த ஊடையை நெருக்கித் தறிப்பலகை அடித்தது. கோட்டோடு நின்ற என் அடுத்த எழுத்து மறைந்தது.

கொஞ்ச நேரம் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க."

நிறுத்தினார். அடித்தேன், எழுத்து நின்றது.

"இப்ப நெய்ங்க."

நெய்தார். எழுத்து போய்விட்டது.

"நிறுத்துங்க."

"என்னை வச்சு ரேடியோ திருப்பிக்கினு இருக்கியா நீ?" என்றார்.

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. கோடு போட்ட எழுத்தை அழிக்கிற விசை ஒன்று உண்டு, எஸ்கேப். திறந்த பெட்டியை மூடுவதும் அதே விசைதான். ஆங்கிலமோ தமிழோ அடிக்கும்போது எடிட்டரில் அதைத் தட்டினாலும் ஒன்றும் ஆகாது, அதனால் கோளாறு வெளியே தெரியவில்லை. விசைப்பலகையின் இடது மூலையைக் குனிந்து பார்த்தேன். எஸ்கேப் விசை மற்றவற்றைவிடச் சற்றே அமுங்கி நின்றது. அதன் இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. சந்தனம்.

முந்தின வாரம் ஆயுத பூஜை. தறிக்கால், நாடா, ராட்டினம் என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், என் விசைப்பலகைக்கும் வைத்திருந்தார். எதை எழுதினாலும் மேலே முதலில் பிள்ளையார் சுழி போடுகிற கை, அதனால் முதல் மூலை விசையிலேயே, தாராளமாக. மறுநாள் காலை நான் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். மேலே இருந்தது போனது, மீதி கரைந்து உள்ளே இறங்கிவிட்டது. பாதி அமுங்கியபடி ஒட்டிக்கொண்ட விசை, தறிப்பலகை அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் மேஜை அதிர அதிரத் தானே தட்டிக்கொண்டிருந்தது.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சிருக்குது பாருங்க. இதுக்குப் போய் ஏன் சந்தனம் வச்சீங்க?" என்றேன், பாதிச் சிரிப்பும் பாதி எரிச்சலுமாக.

அவர் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. "தொழில் பண்றதுக்கு வைக்கிறதுதான? உனுக்கு அதான தறி" என்றார். பிறகு புடவை ஞாபகம் வந்து குனிந்துகொண்டார்.

மிக்சிக்கு அவர் வைக்கவில்லை. டிவிக்கு வைக்கவில்லை. நாள் முழுக்கக் கையிலேயே இருக்கிற போனுக்குக்கூட வைக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, வருமானம் எதுவும் இல்லாமல் நான் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், இந்த வீட்டில் ஒருத்தர் என் மேஜையைத் தறிக்குச் சமமாகக் கும்பிட்டிருக்கிறார். நான் அதை அழுக்கு என்று துடைத்திருக்கிறேன். ஆனால் மணி மூன்றைத் தாண்டியிருந்தது, அழ நேரம் இல்லை.

கம்ப்யூட்டரை அணைத்தேன். ஹேர்பின்னால் விசையை நெம்பி எடுத்து, பஞ்சுக் குச்சியால் சந்தனத்தைச் சுரண்டித் துடைத்தேன். விசையைத் திரும்ப மாட்டப் பொறுமை இல்லாமல் அப்படியே ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் தறிப்பலகை அடித்துக்கொண்டேதான் இருந்தது, மேஜை அதிர்ந்துகொண்டேதான் இருந்தது. என் எழுத்துகள் கோட்டோடு நின்றன, நிலைத்தன. ஐந்துக்குச் சற்று முன்னால் கோப்பு போய்ச் சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் மூடி வைத்திருந்த என் சோறு ஆறிப்போயிருந்தது. அதைப்போல ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

சில நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. கூடவே முதல் வேலையும் வந்தது. அது முடிவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. இப்போதும் சில பேர் சும்மா வீட்லதான இருக்க என்கிறார்கள், ஆனால் பதில் சொல்ல எனக்கு நேரம் கிடைப்பதில்லை.

இந்த வருஷ ஆயுத பூஜைக்குத் தறிக்கால், நாடா, ராட்டினம் என்று முடித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு என் மேஜைமுன் வந்தவர் தயங்கி நின்றார். கிண்ணத்தையும் விசைப்பலகையையும் பார்த்தார்.

"இதுக்கு இன்னா பண்றது? மேஜை மேல வச்சிடட்டா?"

"வேணாம். போன வருஷம் வச்ச எடத்துலயே வைங்க" என்றேன். "நாளைக்குக் காஞ்ச துணியால தொடைச்சிக்கறேன்."