தோட்டக்காரர் என்ன ஆனார்?

அறுபதுகளின் கடைசியில், திருப்பூரில் எங்கள் தெருமுனையில் ஒரு படிப்பகம் இருந்தது. அதை நடத்தியவர் என் பெரியப்பா. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என்னைப் பற்றி நல்லவிதமாக நினைக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

பெரியப்பாவின் படிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்அட்டையிலும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருப்பார். படித்தவர்கள் அதில் இரண்டு வரியாவது கருத்து எழுத வேண்டும். எழுதாமல் திருப்பிக் கொடுத்தால் அடுத்த புத்தகம் கிடையாது. அகராதி, வீட்டு வைத்தியம், ரயில் நேர அட்டவணை என்று எதுவும் இதற்கு விலக்கில்லை. ரயில் அட்டவணைக்குப் பின்னால் ஒருவர் 'விறுவிறுப்பு குறைவு' என்று எழுதிவைத்திருந்தார்.

எனக்குத் துப்பறியும் கதைகள் என்றால் உயிர். என் வயதுப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் சேர்ந்து, போலீசுக்கே பிடிபடாத திருடனைப் பிடிப்பார்களே, அந்த வகை. அலமாரியில் இருந்த அத்தனையும் முடித்து, ஒவ்வொன்றின் பின்னாலும் நீதிபதி தீர்ப்பு எழுதுவதுபோல் கருத்து எழுதியிருந்தேன். 'குற்றவாளியை நான் ஐந்தாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன்' என்பது நான் அடிக்கடி எழுதிய வரி. பாதி நேரம் அது பொய்.

அந்தப் படிப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு அக்கா வருவார். இருபத்திரண்டு வயது இருக்கலாம். நொய்யல் கரையோரம் ஒரு சலவைப் பட்டறையில், வெளுத்த பனியன் துணிக்கு நீலம் போடுகிற வேலை. விரல் நுனியெல்லாம் நீலமேறி, பிளீச்சிங் பவுடரில் வெடித்துப் போயிருக்கும். நர்சுக்கு உதவியாளர் பயிற்சியில் சேர எட்டாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்காகத் தனியாகப் படித்து, சித்திரையில் பரீட்சை எழுதத் தயாராகிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் கிடையாது, வாத்தியார் கிடையாது. எங்கள் படிப்பகத்து அகராதியும், தலையணை அளவு இருந்த ஓர் அறிவுக் களஞ்சியமும்தான் அவருக்கு எல்லாம்.

பக்கம் புரட்டுவதற்கென்றே, பனியன் வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டில் ஒரு சின்ன வெள்ளைத் துணியைக் கொண்டுவருவார். அதை விரலில் சுற்றிக்கொண்டுதான் புத்தகத்தைத் தொடுவார். அகராதியின் பின்னால் அவர் எழுதிய கருத்து எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: 'ஒரு சொல்லைத் தேடப் போனால் பத்துச் சொல் கிடைக்கிறது. நேரம்தான் போதவில்லை.'

ஒருமுறை, எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் கதையை அவரும் எடுத்துப் படித்தார். பங்களாவில் வெண்கல விளக்கு காணாமல் போகும். முதலில் தோட்டக்காரர்மேல் சந்தேகம் விழுந்து, அவரை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்கள். பிறகு பிள்ளைகள் துப்பறிந்து, விருந்தாளியாக வந்தவர்தான் திருடன் என்று கண்டுபிடிப்பார்கள். அக்கா எழுதிய கருத்து இது: 'கதை நன்று. தோட்டக்காரர் பிறகு என்ன ஆனார் என்று எழுதவில்லை. அவருக்கு வேலை திரும்பக் கிடைத்ததா?'

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கொண்டாடுகிற கதையில் இவர் என்ன குறை சொல்வது என்று கோபமும் வந்தது. அதன்கீழே, 'கதைக்கு இது தேவையில்லாதது' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தேன்.

அந்த வருஷம் மார்கழியில், அறிவுக் களஞ்சியத்தில் ஒரு தாள் காணவில்லை. இதயமும் ரத்த ஓட்டமும் வண்ணப் படமாக இருந்த தாள். யாரோ பிளேடு வைத்து அறுத்திருந்தார்கள். பெரியப்பாவுக்கு முகம் செத்துப்போனது. எனக்கோ, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. கடைசியில் எனக்கும் ஒரு வழக்கு கிடைத்துவிட்டது.

அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. துணியின் பின்னல் கண்களைப் பார்க்க அவர் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். அதை எடுத்துப்போய், அறுபட்ட இடத்தை ஆராய்ந்தேன். பக்கத்துத் தாளின் ஓரத்தில், அறுத்த கோடுவரைக்கும் ஒரு நீலக் கறை. எனக்கு அதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. வேறு ஊரில் பிறந்திருந்தால் பேனா மசி என்று நினைத்திருப்பேன். இந்த ஊரில் நீலம் என்றால் எங்களுக்குச் சலவைப் பட்டறைதான். அந்த அக்கா அதே இதயப் படத்தைப் பார்த்துத் தன் நோட்டில் வரைந்துகொண்டிருந்ததையும் நான் கவனித்திருந்தேன். முடிந்தது விஷயம். பெரியப்பாவிடம் ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஏழெட்டுப் பேர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏனம்மிணி, இந்தத் தாளை அறுத்தது நீயா?"

"இல்லீங்க. நான் எதுக்குங்க அறுக்கறேன்? படத்தைத்தான் நோட்டுல வரைஞ்சு வெச்சிருக்கறனுங்களே."

"அப்பறம் இந்த நீலம் எப்படி வந்துச்சு?"

அக்கா குனிந்து பார்த்தார். விரலில் சுற்றியிருந்த துணியைக் காட்டினார். "நான் வெறுங்கையில புத்தகத்தைத் தொடறதே இல்லீங்க. நீங்களே பாத்திருக்கறீங்க."

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் இது யார் வேலை என்று அக்காவுக்குப் புரிந்தது. என்னிடம் கோபமாகக் கேட்கவில்லை.

"நான் அறுக்கறதை நீ பாத்தியா கண்ணு?"

"பாக்கலீங்க்கா. கண்டுபிடிச்சேன்," என்றேன்.

இந்தப் பதிலை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு கூசுகிறது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். புத்திசாலிப் பிள்ளை என்று நினைத்திருப்பார். எனக்கும் அது பாராட்டாகத்தான் கேட்டது.

"இனி இங்க வர வேண்டாம்மிணி," என்றார் பெரியப்பா.

"சித்திரையில பரீட்சைங்க. அதுவரைக்கும் மட்டும் வந்துட்டுப் போறனுங்க. நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துக்குங்க."

பெரியப்பா புத்தகத்தை மூடினார். அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். விரலில் சுற்றியிருந்த துணி மேசைமேலேயே கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். நீலமெல்லாம் அதில்தான் இருந்தது. அதுவாவது எனக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குப்பையில் போட்டேன்.

தை மாதக் கடைசியில், என் நோட்டுகளுக்கு அட்டை போடப் பழைய காகிதம் தேடி என் அண்ணனின் மேசையைக் குடைந்தேன். அண்ணன் வீட்டிலிருந்தே ரயிலில் கோயமுத்தூர் போய்வந்து, கல்லூரியில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய ரெக்கார்டு நோட்டு ஒன்றுக்குள் அந்த இதயப் படம் மடித்து வைத்திருந்தது. ஓரத்தில் நீலக் கறையின் மறுபாதி. அவன் பேனா எப்போதும் கசியும்; சட்டைப் பையில்கூட அதே நிறத்தில் கறை இருக்கும். அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அறிவுக் களஞ்சியத்தை வெளியே கொடுப்பதில்லை என்பது படிப்பகத்தின் சட்டம். எங்கள் வீட்டுக்கு மட்டும் அது வரும், போகும். துப்பறிய வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. எங்கள் வீட்டைச் சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தாளைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். பிறகு பசை டப்பாவை எடுத்து, தாளை அதன் இடத்தில் நேராக ஒட்டினார்.

"புத்தகம் முழுசாயிருச்சு. உடு கண்ணு."

"அந்த அக்காகிட்டச் சொல்லணுமில்லீங்க?"

"அண்ணன் டாக்டருக்குப் படிக்கோணும்னு இருக்கறான். எட்டுப் பேரு முன்னால சொன்னதை மறுபடி எட்டுப் பேரு முன்னால மாத்திச் சொன்னா, நம்ம ஊட்டுப் பேரு என்னாவறது?"

அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் அதையேதான் சொன்னார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நானே பட்டறைக்குப் போனேன். கேட் அருகில் நின்றிருந்த ஒரு அம்மாவிடம் விசாரித்தேன். "அது பொங்கலுக்குப் போனது வரலியே கண்ணு. சேவூர்ப் பக்கம் யாரோ சொந்தம்னு சொல்லுச்சு," என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதுவதில் அர்த்தமில்லை. பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்குமேல் இருந்தது. சேவூர் சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம், அகராதியைக் கொடுத்தனுப்பியிருக்கலாம், குறைந்தபட்சம் ஒரு கார்டாவது எழுதியிருக்கலாம். நான் வீட்டுக்கு வந்து, புதிதாக வந்திருந்த துப்பறியும் கதையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அண்ணன் டாக்டரானான். நல்ல டாக்டர்தான். இந்தத் தாள் விஷயம் அவனுக்கு நினைவுகூட இல்லை. ஒருமுறை கேட்டேன், "எந்தத் தாள்?" என்றான்.

பெரியப்பா காலத்துக்குப் பிறகு படிப்பகத்தை மூடியபோது, மிஞ்சிய புத்தகங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தன. அந்த வெண்கல விளக்குக் கதையும் அதில் இருந்தது. பின்அட்டைத் தாளில் அக்காவின் கேள்வி அப்படியே இருக்கிறது, அதன்கீழே என் கொட்டை எழுத்தும். என் பதிலை அடித்துவிட்டுச் சரியான பதிலை எழுத எத்தனையோ முறை பேனாவைத் திறந்திருக்கிறேன். திறந்தபடியே மூடிவைத்துவிடுகிறேன், ஏனென்றால் அவர் பிறகு என்ன ஆனார் என்று நான் போய்ப் பார்க்கவே இல்லை.