மோகனூர் மணலில் முள்

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் சேலத்திலிருந்து மோகனூருக்கு மோட்டாரில் போனோம். காவிரி மணலில் ஆமைக்குஞ்சுகள் பொரித்து வெளியே வருவதைப் பார்ப்பதற்காக. அப்படித்தான் சொல்லிக்கொண்டோம்.

வண்டி வரதனின் தகப்பனாருடையது. வரதன், நடராஜன், நான் மூவரும் திருச்சியில் படித்த காலத்தில் ஒரே அறையில் இருந்தவர்கள். நடராஜன் இப்போது சேலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். தலைப்பிரசவம் என்று அவன் மனைவி தெய்வானை பிறந்தகம் போயிருந்தாள். தையில் ஆண் குழந்தை. ஒரு வாரம்கூட இருக்கவில்லை. தகவல் கிடைத்து இவன் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. எங்கே என்று இவன் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டான். அதன் பிறகு போகவே இல்லை.

"பார்க்காத பிள்ளைக்கு அவகூட உக்காந்து எப்படிடா அழறது?" என்று ஒரு முறை என்னிடம் கேட்டான்.

சித்திரை முடிவதற்குள் வந்து பெண்ணை அழைத்துப் போகாவிட்டால், சீராகக் கொடுத்த பாத்திரங்களை ஏற்றிவர வண்டி அனுப்புவதாக அவள் அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். வண்டி வந்தால் உறவு அத்தோடு முடிந்தது. தெய்வானையின் ஊர் மோகனூருக்கு மேற்கே இரண்டு மைல், ஆற்றங்கரையில். ஆமை வரதனுடைய யோசனை.

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் முப்பத்துமூன்று மைல். மதியத்தில் கிளம்பாதீர்கள். நாங்கள் கிளம்பினோம். மல்லூர் தாண்டியதும் வண்டி கொதித்தது. ஒரு கிணற்றடியில் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டோம். இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட சோளக்காடு. நிறமே இல்லாத நிலம். நடராஜன் வண்டியை விட்டு இறங்கவில்லை. ராசிபுரத்தில் காப்பி சுமார். நாமக்கல்லில் சத்திரத்துக் கூடத்தில் படுத்தோம். இரவு நல்ல மழை. கோடை மழை பெய்தால் மறுநாள் குஞ்சுகள் வெளியே வரும் என்று சத்திரத்துக்காரர் சொன்னார். வரதன் மட்டும் சந்தோஷப்பட்டான்.

ஞாயிறு காலை மோகனூர், பன்னிரண்டு மைல். ஊரைத் தாண்டி வண்டி மேற்கே திரும்பியது.

"ஏண்டா வரதா, ஆமை இந்த ஊர்லதான் முட்டை வைக்குமா?" என்றான் நடராஜன்.

"ஆமையைக் கேளு."

"ஊட்டுக்கு வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"ஊட்டுக்கு யாருடா உன்னைக் கூப்பிட்டது? ஆத்துக்குத்தானே போறோம்."

மேட்டூரில் அணை வந்த பிறகு கோடையில் இங்கே ஆறு பாதிக்கு மேல் மணல். தண்ணீர் எதிர்க்கரையை ஒட்டி ஒதுங்கிக் கிடக்கிறது. மணலில் வெள்ளரி போட்டிருக்கிறார்கள். காவலுக்கு இருந்த குப்பாயி என்கிற அம்மாள், வண்டி வந்த சத்தத்தில் எழுந்து வந்தாள்.

"ஆமைக்குஞ்சு பாக்கவா இத்தன தூரம் வந்தீங்க? ஏனுங்க சாமி, சேலத்துல ஆமை இல்லீங்களா?"

"இருக்குதுங்க. எல்லாம் கச்சேரியில உத்தியோகம் பாக்குது" என்றான் வரதன்.

அவள் சிரித்தாள். வெள்ளரிப் பிஞ்சு பறித்துக் கொடுத்தாள். குஞ்சுகள் வெயிலில் வராது, பொழுது சாயட்டும் என்றாள். நரி தோண்டிப்போட்ட குழி ஒன்றைக் காட்டினாள். கோலிக்குண்டு அளவில் ஓடுகள், எல்லாம் காலி.

"எம் பாத்திக்கிட்ட முட்டை இருந்தா முள்ளுப் போட்டு வெப்பேனுங்க. இல்லீன்னா நரி தோண்டுறதுல கொடியும் போயிருமுங்க."

அதைக் கேட்டுவிட்டு வரதன் கரையோரமாகத் தேடிக்கொண்டு போனான். சற்று மேடாக ஓரிடம், மேலே வேலமுள், முள் பறக்காமல் இருக்க நாலைந்து கல். கண்டுபிடித்துவிட்டதாகக் கூவினான். நாங்கள் போவதற்குள் கல்லைத் தள்ளி ஒரு முள்கிளையைத் தூக்கிவிட்டான்.

"ஐயோ சாமி! கையை எடுங்க! அது முட்டையில்லீங்க, கொளந்தைங்க!"

குப்பாயி ஓடிவந்தாள். வரதன் கிளையும் கையுமாக நின்றான். கீழே போடவும் தெரியவில்லை, வைக்கவும் தெரியவில்லை.

"தையில வெச்சதுங்க. அந்த மேலூட்டுத் தெய்வானையோட பையன். அங்க போகக் கூடாதும்பாங்க ஊட்டுல. தண்ணிக்கு வாராப்புல கொடத்தைத் தூக்கிட்டு நெதம் சாயங்காலம் வந்து, முள்ளு இருக்குதான்னு பாத்துட்டுப் போவும். புருசன் படிச்சவனாம். ஒரு நா எட்டிப் பாத்தானா? நரியாச்சும் வந்து பாத்துட்டுப் போகுது."

நான் நடராஜனைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தேன்.

அவன் வரதன் கையிலிருந்த கிளையை வாங்கி, குனிந்து, இருந்த இடத்திலேயே வைத்தான். கல்லை வைத்தான். பிறகு குப்பாயியிடம் கேட்டான். "இந்த முள்ளு போதுங்களா?"

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். "காஞ்சு போச்சுங்க. புதுசு போட்டா தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் போய் அரிவாளை எடுத்துவந்து கொடுத்தாள்.

அந்த வெயிலில் கரைமேட்டில் அவன் வேலங்கிளை வெட்டினான். உதவிக்குப் போன என்னை வேண்டாம் என்றான். இழுத்துவந்து ஒவ்வொன்றாக அடுக்கினான். கையெல்லாம் கீறல். எந்த இடத்தில் தலை, எந்த இடத்தில் கால் என்று குப்பாயியிடம் ஒரு முறை கேட்டான். அவள் காட்டினாள்.

வெயில் தாழ்ந்தபோது குஞ்சுகள் வந்தன. பாத்தியின் ஓரத்தில் மணல் அசைந்து ஒரு தலை தெரிந்தது. பிறகு பல. வெள்ளி ரூபாயைவிடச் சற்றுப் பெரியவை, ஈர மண்ணின் நிறம். ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து, எழுந்து, தண்ணீர் இருக்கும் திசையை எப்படியோ அறிந்து நகர்ந்தன. தண்ணீர் வெகுதூரம். காக்கைகள் இறங்கின. வரதன் துண்டை வீசி விரட்டிக்கொண்டு கூடவே நடந்தான். சில போய்ச் சேர்ந்தன.

நாற்பத்தைந்து மைல் பார்க்க வந்த காட்சி இதுதான். எனக்கு அதில் மனம் நிற்கவில்லை. கரையிலிருந்து ஒருத்தி குடத்தோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

நடராஜன் எழுந்திருக்கவில்லை. முள்ளருகே உட்கார்ந்தபடியே இருந்தான். அவள் பாதி மணலில் நின்றுவிட்டாள். திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்து அவனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். கடைசிக் கிளை அவன் கையில் இருந்தது. அவள் கை நீட்டி அதை வாங்கினாள். வேறு மாதிரி திருப்பி வைத்தாள்.

"போங்க சாமி, கெளம்புங்க" என்றாள் குப்பாயி, எங்களிடம்.

வரதனும் நானும் மட்டும் திரும்பினோம். பின்சீட்டில் நடராஜனின் மேல்துண்டு கிடந்தது.

பாத்திரம் எடுக்க வண்டி வரவில்லை. வைகாசியில் தெய்வானை சேலத்துக்கு வந்துவிட்டாள். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதிகம் பேசிக்கொள்வதில்லை. காப்பி கொடுத்தார்கள். அமாவாசைக்கு அமாவாசை இருவரும் பஸ்ஸில் மோகனூர் போய் வருகிறார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: பங்குனி கடைசியிலிருந்து வைகாசி வரை, மழை பெய்த மறுநாள் போவது உத்தமம். விடிவதற்கு முன்பே சேலத்திலிருந்து கிளம்புங்கள். வண்டிக்கும் உங்களுக்கும் தண்ணீர் வேண்டும். பெட்ரோலை நாமக்கல்லிலேயே போட்டுக்கொள்ளுங்கள், அதற்கப்பால் கிடைக்காது. ஆற்றில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. குஞ்சுகளைக் கையில் எடுக்காதீர்கள்; காக்கையை மட்டும் விரட்டினால் போதும்.

மணலில் எங்காவது முள் போட்டிருந்தால் தொடாதீர்கள். காய்ந்திருந்தால், கரைமேட்டில் வேலமரம் நிறைய இருக்கிறது. அரிவாள் குப்பாயியிடம் கிடைக்கும்.