ஐம்பத்து நான்கு படிகளும் ஒரு சோடிச் சப்பாத்தும்

செலீனைப் பற்றிக் கொட்டாஞ்சேனையில் இரண்டு விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, அறுபத்தொன்பது வயதிலும் லிஃப்ட் இல்லாத தொடர்மாடியில், ஐம்பத்து நான்கு படி ஏறிப் போகும் வீட்டில் தனியாக இருக்கிறாள். மற்றது, அவளைப் பார்த்துப் "பாவம்" என்று சொல்லிவிட்டு முழுசாகத் திரும்பிப் போனவர் ஒருவருமில்லை. துறைமுகத்தில் முப்பது வருஷம் ரெலிபோன் ஒப்பரேட்டராக இருந்து கப்பல்காரரையே அதட்டிய தொண்டை அது. அதற்கு மட்டும் இன்னும் பென்ஷன் கிடைக்கவில்லை.

ஆனால் குதிக்கால் அவளுக்குத் துரோகம் செய்தது. விடிந்ததும் கட்டிலிலிருந்து இறங்கி முதலடி வைத்தால் ஆணி ஏறுவதுபோல இருக்கும். நாலு வருஷமாக இதே கூத்து. மகள் றொசானா ஹெந்தளையிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்து ஒரே பாட்டைப் பாடினாள்.

"அம்மா, இந்தப் படியெல்லாம் இனி உங்களுக்குச் சரிவராது. எங்கட வீட்டில படியே இல்லை, ஒரு அறையும் சும்மா கிடக்கு. இதை வித்துப்போட்டு வாங்கோ."

"வந்து? உன்ர நாய்க்குக் காவல் இருக்கவோ?"

ஜனவரியில் ஒருநாள் சண்டை முற்றிப் பந்தயத்தில் முடிந்தது. ஜூன் பதின்மூன்று, அந்தோனியார் திருநாள். கொச்சிக்கடைப் பவனியில் செலீன் முழுத் தூரமும் நடந்துவிட்டால் றொசானா வீட்டு விஷயத்தில் வாயே திறக்கக் கூடாது. நடுவில், பவனிக்குப் பின்னால் வரும் வான் வண்டியில் ஏறினால் செலீன் வீட்டை விற்றுவிட்டு ஹெந்தளைக்குப் போகவேண்டும்.

அன்றிலிருந்து படிதான் அவளுக்கு ஜிம். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிக்காலைக் கீழே இறக்கி ஏற்றுவாள். ஃப்ரீசரில் பாரை மீனுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல் உறைந்து கிடக்கும். இரவுச் செபமாலை முடியும்வரை அதைப் பாதத்துக்கடியில் போட்டு உருட்டுவாள். டொக்டர் சொன்னபடி தடித்த அடி வைத்த சப்பாத்தும் வாங்கினாள். நல்ல இரத்தச் சிவப்பு. "வெறுங்காலோட மட்டும் நடக்க வேண்டாம்" என்று அவர் மூன்று தரம் சொல்லியிருந்தார்.

அங்கேதான் சிக்கல். நாலு வயதில் றொசானாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது, பிள்ளை பிழைத்தால் வருஷாவருஷம் வெறுங்காலோடு பவனியில் வருவேன் என்று செலீன் நேர்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வருஷமாக ஒருதரமும் தவறியதில்லை. ஐந்து மாதம் சப்பாத்தோடு பழகிய மனுஷி, திருநாளன்று அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுச் சுடுதாரில் இறங்கினாள். மடைத்தனம்தான். ஆனால் நேர்த்தி என்று வந்துவிட்டால் டொக்டரின் பேச்சை யார் கேட்கிறார்கள்?

ஜம்பட்டா வீதி வந்தபோது குதிக்கால் நெருப்பாக எரிந்தது. இரண்டடி வைத்தாள், மூன்றாவது வரவில்லை. வீதியோரச் சிமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த வானிலிருந்து றொசானா எட்டிப் பார்த்தாள்.

"போதும் அம்மா. ஏறுங்கோ."

செலீனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீடு போகப்போகிறது. யன்னலைத் திறந்தால் தெரியும் துறைமுகத்துக் கிரேன்கள் போகப்போகின்றன. அந்த நினைப்பிலேயே கோபமும் வந்தது. பையைத் திறந்து சிவப்புச் சப்பாத்தை வெளியே எடுத்தாள்.

பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டு வந்த கீழ்வீட்டு ஷெரோமி பதறிப்போனாள். "ஐயோ செலீன் அக்கா, நேர்த்தி?"

"முப்பத்தெட்டு வருஷம் வெறுங்காலோட நடந்தனான். மிச்சத்தை அந்தோனியாரே என்னட்ட வந்து கேக்கட்டும்!"

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குப் பயம்தான். லேசைக் கட்டியபடியே நிமிர்ந்து, முன்னால் தேரில் போன சுரூபத்தைப் பார்த்தாள். பாலன் யேசுவைக் கையில் ஏந்திக்கொண்டு அந்தோனியார் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தார். கோபமில்லை என்று எடுத்துக்கொண்டாள். எழும்பி நடந்தாள். நொண்டினாள், ஆனால் நிற்கவில்லை. சுரூபம் கோவிலுக்குள் போனபோது அவளும் போனாள். வான் பிறகுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து ஐம்பத்து நான்கு படியும் ஏறிக் கதவைத் திறந்து பார்த்தால், பின்னால் வந்த மகளைக் காணவில்லை. கைப்பிடிச் சுவரால் எட்டிப் பார்த்தாள். இரண்டாம் மாடிப் படியில் றொசானா செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி?"

"ஒண்டுமில்லை அம்மா... ரெண்டு மாசமா இப்பிடித்தான். விடிய எழும்பினா காலை ஊண்டேலாது. அதுதான் வானில வந்தனான்."

செலீன் உள்ளே போய் உறைந்த போத்தலை எடுத்துக்கொண்டு பதினெட்டுப் படி திரும்ப இறங்கினாள். அதை மகளின் பாதத்துக்கடியில் வைத்தாள்.

"உருட்டு. நாளையில இருந்து கிழமைக்கு மூண்டு நாள் இஞ்ச வந்து படி ஏறு," என்றாள். "உங்கட வீட்டில படியே இல்லை, பாவம்."